வன்னி வெக்கையில் வயலின் தந்தி: எஃகா, பெர்லானா?

மலிவு வயலினோடு வரும் தந்திகளை வைத்து ஒரு பிள்ளை எளிய முதல் பாட்டான கீதம் வரை போகலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதற் பயிற்சியான சரளி வரிசையிலேயே மகளின் மேல் ஷட்ஜம் தகரத்தில் தட்டியதுபோல வந்தது. ரீச்சர் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, "விரலில பிழையில்லை, கம்பியை மாத்துங்கோ" என்றார்.

கிளிநொச்சிப் பக்கம் நினைத்த நேரத்தில் நினைத்த தந்தி கிடைக்காது. யாழ்ப்பாணமோ கொழும்போ போகிறவரிடம் சொல்லிவிடவேண்டும். ஆகவே வாங்குமுன் யோசிக்கவேண்டியிருந்தது. முதலில் டடாரியோ ப்ரெலூட் போட்டோம். உள்ளே ஒற்றை எஃகுக் கம்பி, மேலே உலோகச் சுற்று. அது பழசானபிறகு தோமாஸ்டிக் டொமினன்ட். வியன்னாக்காரரின் தந்தி, 1970இல் வந்தது. மிக மெல்லிய ஈ தந்தியைத் தவிர மற்றவற்றில் உள்ளே எஃகு இல்லை, பெர்லான் என்ற நைலான் வகை இழை.

நாதம் என்றால் டொமினன்ட்தான், அதில் வாதத்துக்கு இடமில்லை. ரீச்சர் அதில் மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், தோடி ராகம் தொட்டபோது அடுப்படியில் நின்றவர்களும் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஆனால் மகள் வாசிப்பது தோடி இல்லையே, தொடக்கப் பயிற்சியான ஜண்டை வரிசை. அந்த நாதத்தை எடுக்க வில்லுக்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொன்று, பெர்லான் தந்தி புதிதில் நாட்கணக்காக இழுபட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சுருதி சேர்த்தால் மத்தியானம் இறங்கியிருக்கும். அதற்குமேல் எங்கட காலநிலை. மாரியில், தந்தியை முறுக்கும் மரப்பிரடை ஊதி இறுகும், சோளகம் வீசும் மாதங்களில் காய்ந்து வழுகும். சுருதி சேர்க்கத் தெரியாத பிள்ளைக்கு இது தண்டனை, தகப்பனுக்கும்தான். எஃகுத் தந்தி ஈரத்துக்கும் வெக்கைக்கும் அவ்வளவு அசையாது, போட்டதும் சீக்கிரம் நிலைக்கும். ஒரு நிபந்தனை: கொஞ்சம் திருகினாலே சுருதி எகிறிவிடும் என்பதால் நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் (நுணுக்கமாகச் சுருதி சேர்க்கும் சிறு திருகு) இருக்கவேண்டும்.

கடைக்காரர் கேட்காத கேள்வி, எத்தனை கட்டை, அதாவது ஆதார ஷட்ஜத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பது. பெட்டியில் உள்ள ஜி, டி, ஏ, ஈ மேலைத்தேயச் சுருதி. நாங்கள் வைப்பது ச-ப-ச-ப. 5 கட்டை என்றால் அது ஜி, டி, ஜி, டி. தடித்த இரண்டும் தம் இடத்திலேயே நிற்கும், மெல்லிய இரண்டும் ஒரு முழுச்சுரம் தளரும். மகளுக்கு ரீச்சர் வைத்தது 5 கட்டை, ஆகவே சாதாரண தந்தியே போதும். 1 கட்டை, 2 கட்டைக்கு இறக்கினால் நான்கும் நன்றாகத் தளர்ந்து, வில்லைக் கொஞ்சம் அழுத்தினாலே தந்தி விரற்பலகையில் அடித்து இரையும். அப்படி வைப்பவர்கள் இழுவிசை கூடிய தந்தி கேட்டு வாங்கவேண்டும். பிராண்டைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

வயலின் அளவையும் (4/4, 3/4) ஈ தந்தியின் நுனியில் உருண்டையா வளையமா என்பதையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அலுமினியச் சுற்று உள்ள தந்தியை வியர்வை அரிக்கும். வாசித்து முடிந்ததும் பழைய பருத்தித் துணியால் துடைத்தால் ரோசின் தூளும் போகும்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகவே கழற்றவேண்டும். தந்திகளைத் தாங்கும் குதிரையையும் வயலினுக்குள்ளே நிற்கும் குச்சியையும் பசை போட்டு ஒட்டவில்லை, தந்திகளின் இழுவைதான் பிடித்து வைத்திருக்கிறது. குச்சி விழுந்தால் நிமிர்த்தித் தர இங்கே ஆள் தேடவேண்டும். தந்தி பதியும் பள்ளங்களில் பென்சில் கரி பூசினால் வழுக்கிப் போகும். முறுக்கும்போது குதிரை விரற்பலகைப் பக்கம் சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது திரும்ப ப்ரெலூட்தான் போட்டிருக்கிறோம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் முதல் தரங்களுக்கு இது தாராளம். மகள் தானே பிரடை திருகிச் சுருதி சேர்க்கும் காலத்தில் டொமினன்ட் வாங்கலாம். பரீட்சை வாரத்தில் மட்டும் எந்தத் தந்தியும் மாற்றுவதில்லை. கழற்றிய பழைய ஜி, டி, ஏ மூன்றும் வயலின் பெட்டிக்குள் அவசரத்துக்குக் கிடக்கின்றன. அடிக்கடி அறுவது ஈ தந்தி என்பதால் அதில் மட்டும் புதிது ஒன்று எப்போதும் கைவசம் உண்டு.