கல்முனைக் கிளினிக்கில் டீம்ஸ்டெப்ஸ்: இரண்டு வருடம் பழகிப் பார்த்த அனுபவம்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் ஒரு தனியார் கிளினிக்கின் முன்மேசையை ஒன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். பெரிய டொக்டர்மார் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை முடித்து, மாலை 4 மணிக்குப் பிறகுதான் வருவார்கள். அதற்குப் பிறகு நம்பர் கொடுக்க, ரிப்போர்ட் தேட, டொக்டருக்கும் சனத்துக்கும் நடுவில் நிற்க நாங்கள் ஏழு பேர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், ஒரே பெயருள்ள இரண்டு பேரின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாறிப் போனது. இங்கே பாத்திமா என்று பெயர் தொடங்காத வீடு குறைவு. டொக்டர் வயதைப் பார்த்துப் பிடித்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி அதை முதலே கண்டிருக்கிறாள். "பெரிய ஆக்கள் குடுத்தது, நான் எப்படிச் சொல்ற?" என்றாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்களிடம் வாய் திறக்கப் பயந்துதானே பேசாமல் இருந்திருக்கிறாள்!

இதற்கு ஒரு வழி தேடிப் பார்த்தபோதுதான் டீம்ஸ்டெப்ஸ் கிடைத்தது. அமெரிக்காவின் சுகாதார ஆய்வு முகவரகமும் பாதுகாப்புத் திணைக்களமும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட, சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்கள் ஒரு குழுவாகப் பேசி வேலை செய்யப் பழக்கும் பயிற்சி முறை இது. இலவசமாக எடுக்கலாம். எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கென்றும் ஒரு பகுதி இருக்கிறது. நாங்கள் எடுத்தது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

முதலில் பழகியது திருப்பிச் சொல்வது. ஒருவர் சொல்ல வேண்டும், கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் "ஓம், சரி" என்று முடிக்க வேண்டும். அந்தக் கடைசி "ஓம், சரி"தான் அடிக்கடி விடுபடும். இரண்டு வருடமாகியும் நாங்கள் இன்னும் ஞாபகப்படுத்திக்கொள்வது அதைத்தான். போனில் நம்பர் கொடுக்கும்போது தேர்ட்டீனும் தேர்ட்டியும் மாறி, காரைதீவிலிருந்து வந்த ஒரு அம்மா இரண்டு மணித்தியாலம் வாசலில் காத்திருந்தது இதற்கு முதல். இப்போது நம்பரைத் தமிழில் சொல்கிறோம், பெயரோடு ஊரையும் பிறந்த வருடத்தையும் கேட்கிறோம்.

இதையே நோயாளிகளிடம் செய்தபோது கிடைத்த பலன் நான் எதிர்பாராதது. "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம்" என்பார்கள். சாப்பிடாமல் வரச் சொன்னால், சீனி போட்ட பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்து "நான் ஒண்டும் சாப்பிடல்ல" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், எங்கள் ஊரில் தேத்தண்ணி சாப்பாடு இல்லை. இப்போது, "வீட்ட போய் மகளுக்கு என்னண்டு சொல்லுவீங்க?" என்று கேட்கிறோம். அவர் சொல்லும்போதே எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். 8 மணித்தியாலம் வெறும் தண்ணீர் மட்டும் என்பதை அந்த இடத்திலேயே திருத்திவிடலாம்.

3.45க்கு எல்லாரும் நின்றபடி பத்து நிமிடம் பேசுவோம். எந்த டொக்டர் பிந்துவார், யார் லீவு, சக்கர நாற்காலியில் வருகிறவர் யார், அவ்வளவுதான். நோன்பு காலத்தில், நோன்பு திறக்கும் நேரம் முன்மேசையில் நிற்பது தமிழ்ப் பிள்ளைகள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முஸ்லிம் பிள்ளைகள் நிற்பார்கள். முன்பும் அப்படித்தான், ஆனால் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. இப்போது வாயால் கேட்டு ஒழுங்கு செய்கிறோம்.

டொக்டருக்குப் போன் எடுக்கும்போது எஸ்பார் முறை: இப்போது என்ன நடக்கிறது, முன்கதை என்ன, நமக்கு என்ன தோன்றுகிறது, அவர் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் பிறந்த முறையாம். போனுக்குப் பக்கத்தில் நான்கு வரித் துண்டு ஒட்டியிருக்கிறது, நன்றாகவே உதவுகிறது.

சரிவராததும் உண்டு. மனக்கசப்பைப் படிப்படியாகப் பேசித் தீர்க்க ஒரு முறை சொல்கிறார்கள். நடித்துப் பழகியபோது இரண்டு பேருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது, விட்டுவிட்டோம். அப்புறம், தவறைக் கண்டால் "எனக்குக் கவலையாக இருக்கிறது, சங்கடமாக இருக்கிறது, இது பாதுகாப்பு விஷயம்" என்று மூன்று படியாகச் சொல்லச் சொல்கிறது. 22 வயதுப் பிள்ளை மூத்த டொக்டரிடம் அப்படிச் சொல்வாளா? மூன்று மாதம் முயன்றோம், ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் எங்களுக்குள் ஒரு சொல்லை வைத்துக்கொண்டோம்: ஒருக்கா. "டொக்டர், ஒருக்கா இதப் பாருங்க" என்றால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது என்று அர்த்தம், கேட்டவர் கையில் இருப்பதை நிறுத்த வேண்டும். டொக்டர்மாரிடம் நானே தனித்தனியாகப் போய் விளக்கினேன். இரண்டு பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள், ஒருவருக்குக் கொஞ்சம் காலம் எடுத்தது. போன மாரியில், டெங்குக் காய்ச்சலோடு சனம் வாசல் வரை நின்ற ஒரு நாள், அதே தங்கச்சி ஒரு துண்டுச்சீட்டுடன் உள்ளே போய் "ஒருக்கா" என்றாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். பெயர் சரி, ஊர் வேறு.

தொடங்க நினைப்பவர்கள் திருப்பிச் சொல்வதை மட்டும் ஒரு மாதம் பழகுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மாரி காலத்தில் தொடங்க வேண்டாம், கூட்டத்தில் ஒருவருக்கும் பொறுமை இருக்காது. எங்களுக்கு இன்னும் மீதியிருப்பது ஆய்வுகூடத்துப் பிள்ளைகள். அவர்கள் 3.45க்கு வருவதில்லை. அடுத்த மாதத்திலிருந்து நாங்கள் அங்கே போய் நின்று பேசப்போகிறோம்.