கூலர் மோட்டார் நின்றுவிட்டதா? காயில் கட்டலாமா, புதுசு போடலாமா?

வேலூர், திருச்சி பக்கம் வெயில் ஏறியதும் மெக்கானிக் கடைகளில் ஏர் கூலர் மோட்டார்கள் குவிய ஆரம்பிக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: காயில் கட்டவா (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றைப் புதிதாகச் சுற்றவா), புது மோட்டார் வாங்கவா? இரண்டுமே தேவைப்படாமலும் போகலாம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்விட்ச் போட்டால் முனகிக்கொண்டே நிற்கிறது என்றால் அனேகமாகப் போயிருப்பது கண்டென்சர்தான், அதாவது மோட்டார் சுழலத் தொடங்க உதவும் சின்ன மின்தேக்கி. அதன் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட், வோல்ட் அளவிலேயே வாங்குங்கள். காற்று கூடட்டும் என்று பெரிதாகப் போட்டால் காயில்தான் சூடேறும். பழையதைக் கழற்றும் முன் டிஸ்சார்ஜ் செய்ய, அதாவது அதில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்க, மறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கலாம்.

இறக்கை இறுக்கமாகச் சுற்றினால் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) காய்ந்திருக்கும். தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுபிசுத்து இன்னும் இறுகிவிடும். சத்தமே இல்லை, கருகிய வாடையும் இல்லையென்றால் காயிலுக்குள் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் (சூடு கூடினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) போயிருக்கலாம். கடையில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, காயில் எரிந்தேவிட்டது. இப்போது முடிவு செய்ய வேண்டியது இறக்கை பூட்டும் தண்டை வைத்துத்தான். மோட்டாரைப் பிரித்து, தண்டு புஷ்ஷுக்குள் உட்காரும் இடத்தை நன்றாகத் துடைத்து, நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தத் தண்டோடு எவ்வளவு நல்ல காயில் கட்டினாலும் ஆட்டம் போகாது; தண்டோடு சுழலும் ரோட்டார், காயில் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரில் உரசிச் சூடேறி, காயில் மறுபடி எரியும். அதற்குச் செலவு செய்யாதீர்கள், புது மோட்டாரே வாங்குங்கள்.

தண்டு வழவழப்பாக இருந்து, பழையது செம்புக் காயிலாகவும் இருந்தால் நான் காயில் கட்டத்தான் சொல்வேன். விலை குறைந்த புது மோட்டார்கள் பலவற்றில் அலுமினியக் கம்பிதான். செம்போடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் சுமார் 61 சதவீதம். அதே தடிமனில் சுற்றினால் அதிகம் சூடாகும்.

ஆனால் கட்டுகிறவர் அதே கேஜ் (தடிமன்) கம்பியில் அதே சுற்றுகள் போட வேண்டும். வார்னிஷ் அடித்து முழுசாகக் காயவைக்கவும் வேண்டும். சீசன் அவசரத்தில் ஈரத்தோடு கொடுத்தால் வாங்காதீர்கள். நாள் முழுக்க ஈரக்காற்றிலேயே ஓடும் மோட்டாருக்கு அந்த வார்னிஷ்தான் பாதுகாப்பு.

புது மோட்டார் அன்றைக்கே கிடைத்துவிடும் என்பது பெரிய வசதி. பழையதைக் கையோடு கொண்டுபோய்த் தண்டின் தடிமன், நீளம், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, எத்தனை ஸ்பீடு, எவ்வளவு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எல்லாவற்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை இறக்கை பூட்டும் முன், கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். திசை மாறியிருந்தால் காற்று அறைக்குள் வராமல் பின்பக்கமாகப் போய்விடும்.