பரம்பிக்குளத்துக்குப் பாலக்காட்டு ரோடு பிடிக்காதீங்க

பரம்பிக்குளம் புலிகள் காப்பகக் காடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. காட்டுக்குப் போகும் ரோடு கோவை மாவட்டத்தில். பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்ஸ்லிப். அதைத் தாண்டினால்தான் கேரளத்தின் ஆனப்பாடி செக்போஸ்ட். காருக்கு வேறு வழியே கிடையாது.

கோவையில் பிடித்த வாடகைக் காரின் டிரைவருக்கு இது தெரியவில்லை. "பரம்பிக்குளம் கேரளாதானுங்களே, அப்பப் பாலக்காட்டு ரோடுதானுங்க" என்று பொள்ளாச்சி தாண்டிக் கோபாலபுரம் எல்லை வரைக்கும் விட்டுவிட்டார். அங்கே டீக்கடையில் விசாரித்தால், "பொள்ளாச்சிக்கே திரும்புங்க" என்று சிரிக்கிறார்கள். போன தூரம், திரும்பின தூரம் ரெண்டும் பில்லில் ஏறியது. சிட்னியில் என்றால் ஒரு புகாரில் பணம் திரும்பியிருக்கும். இங்கே பதில்: "வழி தெரியும்னா நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க!"

காசு போனால் போகட்டும். காலை நேரம் போனதுதான் நஷ்டம். ஆனப்பாடியிலிருந்து வனத்துறை வண்டியில் சுற்றிவர மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். லேட்டாகப் போனால் வண்டி கிளம்பியிருக்கும். சாயங்காலம் கேட் மூடுவதற்குள் கீழே இறங்கியும் ஆக வேண்டும்.

கட்டணம் ரெண்டு இடத்தில்: சேத்துமடையில் தமிழ்நாட்டுக்கு, ஆனப்பாடியில் கேரளத்துக்கு. மேலே டவர் சரியாகக் கிடைக்காது, ஜிபே-யை நம்பாமல் சில்லறையாக நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கீழேயே போட்டுவிடுங்கள். பைக்குக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். புளிச்சோற்றைப் பழையபடி வாழையிலையில் கட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை.

இந்தக் காட்டின் பழைய ராட்சத மரமான கன்னிமாரா தேக்கைக் கட்டிப்பிடிக்க அஞ்சு பேர் கை கோக்க வேண்டும். ஆனால் நம்ம ஊர்க்காரர்கள் நின்று பார்க்க வேண்டியது தூணக்கடவு அணை. பரம்பிக்குளம் தண்ணீர் சுரங்கம் வழியாக இங்கே வந்து, இன்னொரு சுரங்கத்தில் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்து கால்வாயில் திருமூர்த்தி அணைக்குப் போகிறது. காங்கயம், வெள்ளகோவில் கடைமடைக்காரர்கள் வருஷா வருஷம் சண்டை போட்டுக் காத்திருக்கும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணி இதுதான். நிலம் கேரளம், ஷட்டர் தமிழ்நாட்டின் கையில். 1970-இல் போட்ட ஒப்பந்தம். சேற்றில் வாய் பிளந்து கிடக்கும் முதலைக்கு ரெண்டும் ஒன்றுதான்.

காரில் ஏறியதும் "சேத்துமடை போங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பரம்பிக்குளம் என்ற பேரையே எடுக்க வேண்டாம்.