தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய புக் கடை

போர்டே கிடையாது, சந்துக்குள்ள இருக்கு, தூசியில தும்மிக்கிட்டே தான் தேடணும். அறுபதுகள்ல அமெரிக்காவுல முடி வளத்துக்கிட்டு பழைய வழக்கத்த எதிர்த்த ஹிப்பி பசங்க, வியட்நாம் போர் எதிர்ப்பு பத்தி ஒரு புக் 60 ரூபாய்க்கு கிடைச்சுது, நடுவுல நாலு பக்கம் காணோம், வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். முடி வளத்தவன்லாம் என்னத்த கிழிச்சான்னு நெனச்சுதான் படிச்சேன், ஆனா 1971ல ஓட்டு வயசு 21லேருந்து 18 ஆனது, 1973ல கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பு நின்னது ரெண்டுலயும் அந்த சத்தத்துக்கு பங்கு இருக்கு, அதே கலாட்டாவ காட்டி 1968 அதிபர் தேர்தல்ல நிக்சன் ஜெயிச்சதும் நடந்துச்சு. கடைக்கார அண்ணன் டீ வாங்கி குடுத்துட்டு, "நம்மூர்ல 65ல காலேஜ் பசங்க இந்தித் திணிப்ப எதிர்த்து எறங்குனாங்க, 67ல அண்ணா முதலமைச்சர், அத விட்டுட்டு அமெரிக்காவ படிக்கிறியா தம்பி"ன்னாரு. அந்த பேச்சுக்கே அஞ்சு ஸ்டார், காணாம போன பக்கத்துக்கு ஒண்ணு கட்.