பவளத்தொட்டிக்குச் சுண்ணாம்புத் தண்ணீர்: நான்கு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் பவளம் வளர்க்கும் 180 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. முதல் ஆண்டு முழுக்க, பவளத்தின் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு சுண்ணாம்புத் தண்ணீருக்கு மாறினேன். மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில், கரைசலை அளந்து தானாக விடும் டோசிங் பம்ப் வந்தது. மூன்றைப் பற்றியும் சொல்கிறேன். முதல் ஆண்டுக் கதை கொஞ்சம் வெட்கக்கேடானது.

தொடக்கத்தில் சோதனைக் குப்பி கால்சியம் 380 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று காட்டியது. இயற்கைக் கடல்நீரில் 410, 420 இருக்கும். கடைக்காரர் ஒரு போத்தல் கால்சியம் குளோரைடு கரைசலை எடுத்து நீட்டினார். வாங்கி ஊற்றினேன். எண் ஏறியது, மனம் குளிர்ந்தது. ஆனால் ஹாமர் பவளம் சுருங்கியே கிடந்தது. அலை பம்பைக் கழற்றினால் உள்ளே சிமெண்ட் பூசியதுபோல் வெள்ளைப் படிவு. அதை வினிகரில் ஊறவைத்துச் சுரண்டுவதே என் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது.

எட்டாம் மாதம்தான் மக்னீசியத்தை அளந்தேன். 1180 வந்தது, கடல்நீரில் ஏறத்தாழ 1290 இருக்க வேண்டும். கால்சியமும் கார்பனேட்டும் நீரிலேயே கைகோத்துக் கல்லாகிவிடாமல் தடுப்பது மக்னீசியம்தான். முளைவிடும் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதை மேலே வளரவிடாமல் செய்துவிடும். அது குறைந்த நீரில் கால்சியத்தை ஊற்ற ஊற்ற, பவளத்துக்குப் போக வேண்டியது பம்புக்குப் போகும்.

மக்னீசியம் வாங்கக் கிளம்பிய என்னை, இதே பைத்தியம் பிடித்த அலுவலக அண்ணன் ஒருவர் தடுத்தார். "முதலில் உப்பைச் சரியாகப் பார்த்தாயா தம்பி?" என்றார். மறுநாள், உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு என்று உறுதிசெய்யப்பட்ட கரைசல் ஒன்றைக் கொண்டுவந்தார். உப்பளவு பார்க்கும் என் ரிஃப்ராக்டோமீட்டர் அதை 38 என்றது. தூய நீரை விட்டுப் பூஜ்யத்தைச் சரிபார்த்துவிட்டு, எட்டு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்! 35 என்று நான் நம்பிய தொட்டி உண்மையில் 32. கடல்நீரின் மக்னீசியம் 1290ஐ 35ஆல் வகுத்து 32ஆல் பெருக்கினால் அதே 1180 வருகிறது. கால்சியத்துக்கும் அதே விகிதம்தான். எதுவும் தீர்ந்துபோகவில்லை, குழம்பில் தண்ணீர் கூடியிருந்தது, அவ்வளவே. பத்து நாள், ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தூய நீருக்குப் பதில் உப்புநீரை விட்டேன். மூன்று எண்களும் தாமாகவே ஏறின.

அதன்பின் நான் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது கால்சியத்தை அல்ல, காரத்தன்மையை, அதாவது நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவை. பவளம் தன் எலும்புக்கு இரண்டையும் ஒரே விகிதத்தில் எடுக்கிறது: காரத்தன்மை 1 டிகேஎச் (அதன் அலகு) குறையும்போது கால்சியம் 7 பிபிஎம் குறையும். இன்று என் தொட்டி நாளுக்கு 1.4 டிகேஎச் சாப்பிடுகிறது. இரண்டு நாள் எதுவும் சேர்க்காமல் விட்டால் காரத்தன்மை 8.2இலிருந்து 5.4க்கு விழும், அது ஆபத்து. அதே இரண்டு நாளில் கால்சியம் 420இலிருந்து 400க்குத்தான் இறங்கும். ஒரே நீரில் அடுத்தடுத்து இருமுறை கால்சியம் சோதித்தாலே என் கைக்கு 15 வித்தியாசம் வருகிறது. அப்படியிருக்க, அந்தச் சோதனையை நம்பி எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது காரத்தன்மையை வாரம் மூன்று முறை பார்க்கிறேன், கால்சியத்தை மாதம் இருமுறை, மக்னீசியத்தை மாதம் ஒருமுறை. காரத்தன்மை ஏழரையா எட்டரையா என்பது பெரிய விஷயமில்லை. ஒரே நாளில் 8இலிருந்து 10க்கு ஏற்றினேன் ஒருமுறை. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனிகள் வெளுத்து உரிந்தன.

இனி சுண்ணாம்புத் தண்ணீர். கால்க்வாசர் என்று ஜெர்மன் பெயரில் விற்கிறார்கள். டப்பாவைப் பார்த்த அம்மா, "தேக்காவில் வெற்றிலைக்கடையில் கிடைப்பதற்கு இத்தனை வெள்ளியா?" என்றார். வேதியியல்படி அம்மா சொன்னது சரி, இரண்டும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கிறது என்று டப்பா சொல்வதில்லை. தொட்டிக்குத் தூய தூள்தான் வேண்டும். லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கரையும், மிச்சம் அடியில் தங்கும். தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். காற்றுப் பட்டால் மேலே ஏடு கட்டிவிடும், சத்து அதில் போய்விடும். பிஎச் 12க்கு மேல் என்பதால் கையுறை அவசியம்.

குளிர்சாதனம் போட்டு ஜன்னலை அடைத்துவைக்கும் வீடுகளுக்கு இது வரப்பிரசாதம். நம் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு நீரில் கரைந்து பிஎச்சை இறக்கும். தீபாவளியன்று இருபது பேர் வந்து போன மாலையில் என் தொட்டி 7.7 காட்டியது. சுண்ணாம்புநீர் அந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதை இரவில் விடத் தொடங்கியபின் விடியற்காலை பிஎச் 8க்குக் கீழே அரிதாகவே போகிறது.

ஆனால் விபத்து நடந்தால் பெரிதாக நடக்கும். ஒருநாள் நத்தை ஒன்று மிதவை சுவிட்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நீர்மட்டம் குறைவாக இருக்கிறது என்று நினைத்த பம்ப் ஐந்து லிட்டர் சுண்ணாம்புநீரையும் உள்ளே தள்ளிவிட்டது. வேலையிலிருந்து திரும்பியபோது தொட்டி பால்போல் இருந்தது. இரண்டு மீன்கள் போயின. இப்போது மிதவைக்கு வலைக்கூண்டு போட்டிருக்கிறேன். சுண்ணாம்புநீர்ப் பம்புக்குத் தனியாக டைமரும் உண்டு, ஒரு தடவைக்கு 100 மில்லிக்கு மேல் போகாது.

பவளங்கள் பெருத்தபின் சுண்ணாம்புநீர் மட்டும் போதவில்லை. நாளுக்கு ஆவியாவது 2 லிட்டர். அதில் நிறைகரைசலாகக் கொடுத்தாலும் 1.3 டிகேஎச்சைத் தாண்டாது. விசிறி வைத்தால் ஆவி கூடும், மின்கட்டணமும் குறையும். ஆனால் எங்கள் வீட்டு வெப்பத்துக்கு விசிறி மட்டும் போதவில்லை, நீரைக் குளிர்விக்கும் சில்லர் வந்தது. ஆகவே பற்றாக்குறையை டோசிங் பம்ப் ஈடுகட்டுகிறது: ஒரு போத்தலில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழக்கூடாது, விழுந்தால் அங்கேயே வெள்ளையாகத் திரிந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது சாதாரண உப்பு என்பதால் உப்பளவு மெல்ல ஏறும். பம்பைப் பற்றி என் ஒரே குறை அதன் ரப்பர் குழாய். ஓராண்டில் நசுங்கி, 60 மில்லி என்று அமைத்தது 48 மில்லிதான் விட்டது. காரத்தன்மை நாளுக்கு நாள் இறங்கியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவுக்குடுவையில் பிடித்துப் பார்க்கிறேன்.

குழாய்நீரைப் பற்றி ஒரு வரி: பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி உண்டு, ஆகவே நல்ல கரி வடிகட்டியும் ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்) வடிகட்டியும் இல்லாமல் உப்புக் கலக்காதீர்கள்.

சிறிய தொட்டிக்கு, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, சுண்ணாம்புநீரும் வாரம் பத்து சதவீத நீர்மாற்றமும் தாராளமாகப் போதும். மக்னீசியம் அந்த நீர்மாற்றத்திலேயே வந்துவிடும். கல் பவளம் நிறைய வைப்பவர் மட்டும் டோசிங் பம்ப் வாங்கலாம். அண்ணன் இப்போது, பவளச் சல்லியைக் கரைத்துக் கால்சியம் தரும் கால்சியம் ரியாக்டர் வாங்கச் சொல்கிறார். அதற்குக் கரியமில வாயு சிலிண்டர் வேண்டும், சிலிண்டர் வைக்கக் காலணி அலமாரியை அகற்ற வேண்டும். வீட்டில் இன்னும் பேச்செடுக்கவில்லை.