மூன்றரை இலக்க மல்டிமீட்டர், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்: வோல்டேஜில் சொக்கத் தங்கம், கரன்டில் தீராத தலைவலி

மில்லி ஆம்பியர் ஃப்யூஸை மறுபடியும் மாற்றியாயிற்று. "விலை இறங்கியிருக்கிறதே, வோல்டேஜும் கரன்டும் அளந்து மின்தடையும் வாட்டும் கணக்குப் போட இது போதுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதுகிறேன். 2000 கவுன்ட் (திரை 1999 வரை காட்டும்), 200 மில்லி ஆம்பியர் வரை ஒரு துளை, 10 ஆம்பியருக்குத் தனித் துளை என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும்.

வோல்டேஜ் பக்கம் குறையே சொல்ல முடியாது. டிசி ரேஞ்சில் அரை சதவீதத்துக்குள் நிற்கிறது. உள்தடை 10 மெகா ஓம் என்பதால் சாதாரண சர்க்யூட் எதையும் அது அசைப்பதில்லை. திரையில் பேட்டரிக் குறி வந்தால் மட்டும் அன்றே பேட்டரியை மாற்றிவிடுங்கள். மீட்டர் தன் அளவுகோலாக உள்ளே வைத்திருக்கும் ஒப்பீட்டு வோல்டேஜ் இறங்கிவிடுவதால் எல்லா அளவையும் கூடுதலாகக் காட்ட ஆரம்பிக்கும்.

கோபமெல்லாம் கரன்ட் ரேஞ்சின் மேல்தான். கரன்டை அளக்க மீட்டரைச் சர்க்யூட்டின் நடுவே தொடராக நுழைக்க வேண்டும். அதன் சொந்தத் தடையும் கூடவே நுழைந்துவிடுகிறது. 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் ஷன்ட், அதாவது கரன்டை வோல்டேஜாக்கி அளக்க மீட்டருக்குள் வைத்திருக்கும் சிறு தடை, 1 ஓம். ஃப்யூஸைக் கழற்றி அளந்தால் 1.5 ஓம். ப்ரோப் ஒயர் இரண்டும் சேர்ந்து 0.2. ஆக 2.7 ஓம். கையேட்டில் முழு ரேஞ்சுக்கு 200 மில்லி வோல்ட் இழப்பு என்று ஒரே வரி இருக்கிறது. அது ஷன்டுக்கு மட்டும். அதே 200 மில்லி ஆம்பியரில் ஃப்யூஸ் தன் பங்குக்கு 300 மில்லி வோல்டை விழுங்குவதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதனால் கணக்கு எவ்வளவு கெடும் என்று பாருங்கள். 1.5 வோல்ட் சப்ளையில் 10 ஓம் லோடு (கரன்டை வாங்கும் சாதனம்). மீட்டர் இல்லாதபோது ஓடுவது 150 மில்லி ஆம்பியர், 0.225 வாட். மீட்டரை நுழைத்ததும் மொத்தத் தடை 12.7 ஓம், திரையில் 118தான் வரும். சப்ளையின் 1.5 வோல்டை அந்த 0.118 ஆம்பியரால் வகுத்தால் லோடு 12.7 ஓம் என்று வரும், பெருக்கினால் 0.177 வாட். இரண்டுமே தப்பு, அதுவும் 20 சதவீதத்துக்கு மேல். இதே வோல்டேஜை மீட்டர் சர்க்யூட்டில் இருக்கும்போதே லோடின் இரு முனைகளில் அளந்தால் 1.18 வோல்ட் கிடைக்கும். அதை 0.118 ஆல் வகுத்தால் சரியாக 10 ஓம். மின்தடை சரியாகிவிட்டது, வாட் இன்னும் சரியாகவில்லை. அந்த நேரத்தில் லோடில் செலவாவது 0.139 வாட்தான். எனவே முதலில் 10 ஓமைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு 1.5ஐ வர்க்கமாக்கி 10 ஆல் வகுக்க வேண்டும். இதற்கே இரண்டு மீட்டர் தேவை.

ரேஞ்சை 20 மில்லி ஆம்பியருக்கு இறக்கினால் ஷன்ட் 10 ஓம் ஆகிவிடும், 2 மில்லிக்கு இறக்கினால் 100 ஓம். 10 ஆம்பியர் துளைக்குப் போனால் தடை கிட்டத்தட்ட ஒயருடையது மட்டும்தான், ஆனால் கடைசி இலக்கம் 10 மில்லி ஆம்பியர், 0.15 என்று காட்டுவது 0.14ஆகவும் இருக்கலாம், 0.16ஆகவும் இருக்கலாம். ஒரே சர்க்யூட்டை இரண்டு ரேஞ்சில் அளந்து எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், மீட்டர் சர்க்யூட்டைக் கெடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். வயர்லெஸ் மாட்யூல் உள்ள 3.3 வோல்ட் போர்டுகளில் இன்னும் மோசம். மாட்யூல் சிக்னல் அனுப்பத் தொடங்கிக் கரன்டை அதிகமாக இழுக்கும் கணத்தில், மீட்டரின் தடையால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். ப்ரோகிராம் கோடில் தப்பைத் தேடி நேரம் வீணாகும்.

வழி இருக்கிறது. 0.1 ஓம், 1 சதவீத, 3 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வெளி ஷன்டாக லோடோடு தொடராகச் சால்டர் செய்துவிட்டு, அதன் குறுக்கே 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் அளக்கவும். 15.0 மில்லி வோல்ட் என்றால் 150 மில்லி ஆம்பியர். இழப்பு ஒரே சதவீதம். ப்ரோப் முனைகளை ரெசிஸ்டரின் உடலை ஒட்டிய காலில் வைக்க வேண்டும். முதலைக் கிளிப்பின் மேல் வைத்தால் அந்த இணைப்பின் தடையும் 0.1 ஓமோடு கலந்துவிடும்.

இந்த முறையில் கிடைக்கும் சந்தோஷத்துக்கு 12 வோல்ட், 21 வாட் பல்பு நல்ல உதாரணம். ஓம் ரேஞ்சில் அணைந்த பல்பை அளந்தால் ஒரு ஓம்கூட வராது. அதை நம்பிக் கணக்குப் போட்டால் நூறு வாட்டைத் தாண்டிப் போகும். எரியும்போது அந்த 0.1 ஓம் ஷன்டின் குறுக்கே 175 மில்லி வோல்ட், அதாவது 1.75 ஆம்பியர். பல்பில் 12 வோல்ட் நின்றால் 6.86 ஓம், 21 வாட். சூடான இழையின் தடையை எந்த ஓம் ரேஞ்சும் காட்டித் தராது. ஏசியில் மட்டும் இந்தப் பெருக்கலை வாட் என்று நம்ப வேண்டாம். ஹீட்டருக்குச் சரி, மோட்டாருக்கும் அடாப்டருக்கும் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர்தான், உண்மையில் செலவாகும் வாட் அல்ல.

ஃப்யூஸ் ஏன் போகிறது? கரன்ட் அளந்த பிறகு சிவப்பு ஒயர் அதே துளையில் தங்கிவிடும். அடுத்து வோல்டேஜ் பார்க்க ப்ரோப்பை சப்ளையின் குறுக்கே வைத்தால் அது நேரடி ஷார்ட். 10 ஆம்பியர் துளைக்குச் சில மீட்டர்களில் ஃப்யூஸே கிடையாது, அங்கே இது உயிருக்கே ஆபத்து.

கேட்ட நண்பருக்கு என் பதில்: வேலை மேசையில் முதலில் கைபோவது இந்த மீட்டருக்குத்தான், ஆனாலும் கரன்ட் அளப்பதற்காக இதை வாங்காதீர்கள். விலை இறங்கியிருப்பதால் வோல்டேஜ் அளக்க இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று லோடின் குறுக்கே, மற்றது ஷன்டின் குறுக்கே. மாற்று ஃப்யூஸ் வாங்கும்போது ஆம்பியர், வோல்ட் இரண்டும் பழையதோடு பொருந்த வேண்டும். கம்பி சுற்றி ஒப்பேற்றவே கூடாது.