கல்லடிப் பின்னேர ஆங்கில வகுப்பு: மிஸ் நல்லம், நோட்ஸ் மோசம்

போன வருடம் கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது, இரவு 2 மணிக்கு ஸ்டோரில் அலாரம் ‘வென்ட் ஓஃப்’ என்று. அலாரம் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்து, ‘திரும்ப ஓன் பண்ணிவிடுங்கள்’ என்று பதில் போட்டேன். உண்மையில் அலாரம் அடித்திருக்கிறது. அந்த வெட்கத்தில்தான் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கிற இந்த வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதம் முடிந்துவிட்டது.

மிஸ் ஓய்வு பெற்ற ஆசிரியை. முதல் நாள் ஆங்கிலமே பேசவில்லை. “பிள்ளைகள், தேத்தண்ணி போடுறம், சட்டை போடுறம், ஊசி போடுறம், சண்டையும் போடுறம். போடு எண்டா என்ன எண்டு வெள்ளைக்காரன் கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றார். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

பிரேசல் வேர்ப் என்றால் ஒரு வினையோடு ஓஃப், அவுட், அப் மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தருவது. அதற்கு அவர் சொல்லித்தந்த வழி இதுதான்: பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பார். ‘ரேக் ஓஃப்’ தனியாக நின்றால் விமானம் எழும்புகிறது, பின்னால் சப்பாத்து வந்தால் கழற்றுகிறோம். ‘வேர்க் அவுட்’ தனியாக என்றால் உடற்பயிற்சியாக இருக்கலாம், அல்லது ஒரு காரியம் சரிவந்தது என்றும் இருக்கலாம். கணக்கு ஒன்று கூட வந்தால் விடை கண்டுபிடிப்பது. ஆனால் எனக்கு மெயிலில் வந்த ‘வென்ட் ஓஃப்’, அதாவது ‘கோ ஓஃப்’, இதற்கும் மசியவில்லை, அங்கே எழுவாயைப் பார்க்க வேண்டுமாம். லைட் என்றால் அணைந்தது, பால் என்றால் பழுதாகியது, குண்டு என்றால் வெடித்தது, அலாரம் என்றால் அடித்தது. கரண்ட் போயிட்டு, பால் பழுதாப் போயிட்டு என்று நாங்களும் ‘போ’ போட்டுத்தான் சொல்கிறோம், அதனால் அந்த இரண்டும் உடனே ஒட்டிக்கொண்டன. அலாரம்தான் எதிர்ப்பக்கம் போகிறது, ஏனென்றால் தமிழில் நாங்கள் வைத்திருக்கிற ‘ஓஃப்’ நிறுத்துவதற்கு மட்டும்தான். மீன்மேல் ஆசை விட்டுப்போனாலும் ‘கோ ஓஃப்’ தானாம், மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை யார் சொல்லப் போகிறோம்.

‘புட் இட் ஓஃப்’ (அதைத் தள்ளிப்போடு) சரி, ‘புட் ஓஃப் இட்’ பிழை, ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ (பார்த்துக்கொள்) என்பதைப் பிரிக்கவே கூடாது என்பதெல்லாம் ஒரே கிழமையில் முடிந்தது. அது கொஞ்சம் அவசரம்.

குறை என்றால் அந்த நோட்ஸ்தான். 12 பக்கம் மங்கல் போட்டோக்கொப்பி, அகரவரிசையில் சொல், எதிரில் ஒரே ஒரு தமிழ் அர்த்தம், ஒரு வசனம்கூட இல்லை. ‘பிக் அப்’புக்கு எதிரில் ‘பொறுக்கு’ என்று மட்டும் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவதும், போனை எடுப்பதும், கேட்டுக் கேட்டே ஒரு மொழியைப் பிடித்துக்கொள்வதும், வியாபாரம் கொஞ்சம் தலைதூக்குவதும் எங்கே போயிற்று? வகுப்பில் மிஸ் சொல்வது ஒன்று, கையில் தருகிற தாள் சொல்வது வேறொன்று. கேட்டால் “பழைய நோட்ஸ் மகன், மாற்ற வேணும்” என்கிறார். பேச்சுப் பயிற்சியும் குறைவு, நாற்பது பேருக்கு எப்படித்தான் முறை வரும்.

மாதம் 2,500 ரூபாய். நோட்ஸை நம்பாமல் ஒரு தடித்த கொப்பி வாங்கி மிஸ் சொல்கிற வசனங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பு ஐந்து மணிக்கு, ஆனால் ஃபேன் ஒன்றுதான், அதற்குக் கீழே இருக்கிற வாங்கு நாலரைக்கே நிறைந்துவிடும்.